குருதிக் கொடையின் வரலாறும் நம் கடமையும்

கொடையைப் போற்றுவதில் தமிழர்க்கு நிகர் தமிழரே எனலாம். புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து தராசுத் தட்டில் இட்ட சிபியின் வழிவந்தோம் எனச் சோழ வேந்தர் பெருமை கொண்டு, செம்பியர் என்னும் பெயரையும் பூண்டனர். களத்தில் வீழ்ந்து கிடந்த கன்னன், எஞ்சியிருந்த தன் புண்ணியத்தைத் தாரை வார்க்க நீர் இல்லாமையால், மார்பில் வழிந்த குருதியையே நீராகக் கொண்டு வார்த்தான் என வில்லிபுத்தூரார் பாரதம் கூறுகின்றது. இறைவன் கண்ணில் உதிரம் பெருகக் கண்டு பொறாத கண்ணப்பர் தம் கண்ணையே இடந்து அப்பினார். இக்கதைகளைப் பாட்டிமார் மடியிற் கிடந்து கேட்டோம். கோயில் முற்றத்துக் கதாகாலட்சேபங்களில் கேட்டுக் கண்ணீரும் வடித்தோம்.

ஆயினும், நம் காலனியில் ஒருவர்க்கு இரண்டு யூனிட் இரத்தம் வேண்டுமென மருத்துவமனையிலிருந்து செய்தி வருமாயின், அவ்வேளையில் நம்முள் எத்தனை பேர் முன்வருகின்றோம்? இவ்வினாவை யாம் பிறரை நோக்கி எழுப்பவில்லை; எம்மை நோக்கியே முதலில் எழுப்பினோம். எழுந்த வகையைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன் குருதிக் கொடையின் வரலாற்றைச் சிறிது காண்போமாக.

அச்சமும் தடையும்

உடலினுள் குருதி ஓயாது சுழன்று வருகின்றது என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் நூலெழுதி நிறுவினார். ஓருடற் குருதியைப் பிறிதோர் உடலிற் செலுத்தலாகாதோ என்னும் எண்ணம் அதன் பின்னரே அறிஞரிடையே வலுப்பெற்றது. 1665-இல் ரிச்சர்டு லோவர் நாய்களிடையே இதனைச் செய்து பார்த்தார். 1667-இல் பாரிஸ் நகரில் ழான் டெனி என்பார் சிறுவன் ஒருவனுக்கு ஆட்டின் குருதியைச் செலுத்தினார். அச்சிறுவன் பிழைத்தான். ஆனால் பின்னர் அவரிடம் சிகிச்சை பெற்ற வேறொருவர் இறந்துபடவே, செய்தி வழக்குமன்றம் ஏறிற்று. அம்முறைக்குத் தடையும் வந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அத்துறையைத் தொடுவார் இலராயினர்.

அதனை மீண்டும் திறந்தது தாய்மாரின் துன்பமே. பிள்ளைப்பேற்றின் பின் குருதிப் பெருக்கால் மாளும் பெண்களைக் கண்டு வருந்திய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல், 1818-இல் மனிதர் குருதியை மனிதர்க்கே செலுத்தத் தொடங்கினார். அவரிடம் சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். பிழைத்தது எதனால், மாண்டது எதனால் என்பது அந்நாளில் ஒருவர்க்கும் விளங்கவில்லை.

சாதி அறியாத குருதி

அவ்விளக்கத்தைத் தந்தவர் வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்டைனர். மனிதர் குருதி எல்லாம் ஒன்றல்ல, அதில் வகைகள் உண்டு, பொருந்தாத வகைகள் கூடினால் திரிந்து கட்டிப்படும் என்பதை அவர் 1901-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அவருடைய துணைவர்கள் நான்காம் வகையையும் கண்டனர். ஏ, பி, ஏபி, ஓ என இன்று நம் அடையாள அட்டைகளிற் காணும் எழுத்துகள் அவ்வாறு பிறந்தவையே. 1930-இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆர்எச் என்னும் கூறு 1940-இல் வெளியாயிற்று. அவர் பிறந்த ஜூன் 14-ஆம் நாளே உலகக் குருதிக் கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

இக்கண்டுபிடிப்பின் பொருளை நம் வட்டாரத்தார் மற்றெவரினும் நன்கு உணர்தல் வேண்டும். லாண்ட்ஸ்டைனர் ஆராய்ந்த அக்காலத்தில் நம் திருவிதாங்கூரில், இன்ன சாதியார்க்கு இன்ன சாதியார் இத்தனை அடி விலகி நிற்றல் வேண்டும் என்னும் கொடிய வழக்கம் இருந்தது. அதியன்னூருக்கு அணித்தாய் நெய்யாற்றின் கரையில் உள்ள அருவிப்புரத்தில், 1888-இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவி, சாதிப் பிரிவினைக்கும் சமயப் பகைக்கும் அங்கு இடமில்லை என உலகறியச் செய்தார். கோயிற் கதவுகள் எல்லார்க்கும் திறந்தது 1936 நவம்பர் 12-இல். குரு அருளால் உணர்த்தியதை வியன்னா அறிஞர் சோதனைக் குழாயில் காட்டினார் எனில் மிகையாகாது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் குருதி தம்முட் பொருந்தாதிருக்கலாம். முன்பின் அறியாத அயலான் குருதி முற்றும் பொருந்தலாம்.

இவ்வுண்மை தெரிந்த பின்னரும் மாந்தர் மனம் எளிதில் மாறிற்றில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பின மக்களின் குருதியை முதலில் ஏற்க மறுத்தது. 1942-இல் ஏற்கத் தொடங்கியபோதும் வெள்ளையர் குருதியோடு கலவாது தனியே வைத்தது. 1950-இல்தான் அவ்வேற்றுமை ஒழிந்தது. குருதியைச் சேமிக்கும் கலையில் அந்நாட்டுக்கே வழிகாட்டிய சார்லஸ் ட்ரூ என்னும் மருத்துவர் கறுப்பினத்தவர் என்பதை எண்ணுந்தோறும் இதன் பேதைமை விளங்கும்.

சேமிப்பும் தொண்டும்

பழைய நாளில் கொடுப்போரும் பெறுவோரும் அருகருகே படுத்திருத்தல் வேண்டும். வெளிவந்த குருதி விரைவில் உறைந்துவிடும். சோடியம் சிட்ரேட் என்னும் உப்பைச் சேர்த்தால் உறையாது என்பதை 1914-இல் பெல்ஜியத்திலும் அர்ஜென்டினாவிலும் மருத்துவர்கள் மெய்ப்பித்தனர். அதன் பின்னரே குருதியைக் குளிரில் வைத்துப் பாதுகாத்தல் இயன்றது. 1937-இல் சிகாகோ நகரத்துப் பெர்னார்டு ஃபேண்டஸ் தம் மருத்துவமனையில் அமைத்த சேமிப்பகத்திற்கு இரத்த வங்கி எனப் பெயரிட்டார்.

சேமிக்கும் வழி பிறந்தது, கொடுப்பார் வேண்டுமே! இதற்கு வழிகாட்டியவர் மருத்துவர் அல்லர். லண்டன் மாநகரின் கேம்பர்வெல் பகுதியில் செஞ்சிலுவைச் சங்கச் செயலாளராய்த் தொண்டு புரிந்த பெர்சி ஆலிவர் என்பவர் அவர். 1921-இல் மருத்துவமனை ஒன்றிலிருந்து குருதி வேண்டுமென அழைப்பு வரவே, சில தொண்டர்களுடன் விரைந்து சென்றார். அந்நாள் முதல், வேண்டும்போது வரக்கூடியோர் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி வைத்து, தம் இல்லத்துத் தொலைபேசி வழியாகவே மருத்துவமனைகளுக்குக் கொடையாளரை அனுப்பலானார். கொடுத்தோர் எவரும் பணம் பெற்றிலர். செல்வமும் பதவியும் இல்லாத எளியவர் ஒருவரும் அவர் மனைவியாரும் ஒரு பதிவேட்டைக் கொண்டு தொடங்கிய பணி உலகெங்கும் பரவிற்று என்பது நம்போன்றோர்க்கு ஊக்கமளிப்பதாகும்.

விலைப்பொருளான காலம்

நம் நாட்டில் முதல் இரத்த வங்கி 1942-இல், போர்க்காலத்தில், கல்கத்தாவில் அமைந்தது. 1954 முதல் பம்பாயில் லீலா மூல்காவ்கர் என்னும் அம்மையார் தன்னார்வக் கொடை முகாம்களை நடத்தி வழிகாட்டினார். எனினும் இத்தகையோர் சிலரே. கொடுக்க அஞ்சிய பெருங்கூட்டம் விலைக்கு வாங்கத் துணிந்தது. பசியால் வாடிய ஏழைகளும் போதைக்கு அடிமைப்பட்டோரும் மருத்துவமனை வாயிலிற் காத்துக் கிடந்து குருதியை விற்றனர். நோயிருந்தால் காசு கிடையாதாகலின் நோயை மறைத்தனர். உடல் தேறும் முன்னரே மீண்டும் வந்தனர். குருதியை விலைப்பொருளாக்கினால் கொடுக்கும் பண்பும் குன்றும், குருதியின் தூய்மையும் கெடும் என்று ரிச்சர்டு டிட்மஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1970-இல் ஒரு நூலில் எடுத்துரைத்தார். பணம் பெறாக் கொடையையே வளர்த்தல் வேண்டுமென உலகச் சுகாதாரப் பேரவை 1975-இல் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அவ்வாண்டு முதல் அக்டோபர் 1-ஆம் நாள் நம் நாட்டில் தேசியத் தன்னார்வக் குருதிக் கொடை நாளாயிற்று.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் முதலியோர் எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் இருப்பதை வெளிப்படுத்தியபோது, விலைக் குருதியின் ஆபத்து எல்லார்க்கும் புலனாயிற்று. காமன் காஸ் என்னும் பொதுநல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதன்படி 1998 ஜனவரி 1 முதல் குருதியை விற்றலும் வாங்கலும் ஒழிந்தன. 2002-இல் வெளியான தேசிய இரத்தக் கொள்கையும் தன்னார்வக் கொடையையே இலக்காகக் கொண்டது.

விற்பனை ஒழிந்தது நன்றே. எனினும் அதன் இடத்தில் மற்றொரு வழக்கம் வேரூன்றியது. நோயாளிக்கு ஏற்றிய குருதிக்கு ஈடாக உறவினர் கொடுத்தல் வேண்டும் என்பதே அது. நம் வீட்டார் படுக்கையில் விழுந்தாலன்றி நாம் கை நீட்டுவதில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது நம் பழமொழி. தன் சதை ஆடும்போது மட்டும் எழுவது கடமையேயன்றிச் சிபியின் கொடையாகாது. இரத்த உறவினர் குருதியே சிறந்தது என்னும் எண்ணமும் பலர்க்கு உண்டு. நெருங்கிய உறவினர் குருதி சில வேளை ஊறு விளைக்கக் கூடும் என்பதால், அதனைக் கதிரியக்கத்திற்கு உட்படுத்திய பின்னரே ஏற்றுதல் வேண்டும் என மருத்துவர் கூறுகின்றனர்.

எல்லைப்புறத்தில் நாம்

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் எல்லை வந்தது. ஆயினும் நோயாளியை ஏற்றிய வண்டி எல்லை பார்ப்பதில்லை. 1951-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும், புற்றுநோயாளர்க்கான மண்டலப் புற்றுநோய் மையத்திற்கும், காரக்கோணத்திற்கும், நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்திற்கும் இருபுறத்து மக்களும் செல்கின்றனர். அங்கெல்லாம் நம் குழந்தைக்கும் தாய்க்கும் ஏற்றப்படும் குருதி மலையாளியுடையதா தமிழருடையதா எனக் கேட்பார் எவருமிலர்.

நம் தலைநகர்க்கு இத்துறையில் மற்றொரு பெருமையும் உண்டு. குருதியைக் கண்ணாடிப் புட்டிகளில் எடுத்த காலம் போய், பிளாஸ்டிக் பைகள் வந்தபோது, அப்பையை நம் நாட்டிலேயே செய்யும் நுட்பத்தைத் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் கண்டறிந்து அளித்தது. அந்நகரிலேயே தொழிற்சாலையும் எழுந்தது. பையில் எடுப்பதால் குருதியைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரித்து, ஒருவர் கொடையை மூவர்க்கும் பயன்படுத்த இயல்கின்றது. பையைச் செய்யும் ஊரில், அதை நிரப்பும் கை குறைதல் அழகாமோ?

ஓர் இரவு நிகழ்ந்தது

இனி, தொடக்கத்திற் குறித்த செய்திக்கு வருவோம். சில ஆண்டுகட்கு முன் நம் காலனியைச் சார்ந்த சகோதரி ஒருவர்க்கு மகப்பேற்றின் பின் குருதிப் பெருக்கு உண்டாயிற்று. அக்குடும்பத்தார் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம், பெயர் வேண்டா. நள்ளிரவில் அவர் கணவர் கதவைத் தட்டினார். ஆடவர் ஒன்பதின்மர் கூடினோம். ஈடாக மூவர் கொடுத்தல் வேண்டும் எனச் செய்தி. ஒருவர் சென்ற வாரம் காய்ச்சல் கண்டது என்றார். ஒருவருடைய அன்னையார் வாசலில் நின்று, "ஒரு சொட்டு இரத்தம் ஊற எத்தனை நாள் சோறு தின்ன வேண்டும் தெரியுமா?" என்று அழுதார். ஒருவர் விடியட்டும் என்றார். நாற்பதைக் கடந்த யாமோ, அதுகாறும் ஒருமுறையேனும் கொடுத்தறியோம். மருத்துவமனை வரை சென்றோம். ஊசியை எண்ணியதும் உள்ளங்கை வியர்த்தது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூணருகே நின்றோம்.

எங்களை ஏற்றி வந்த ஆட்டோ ஓட்டுநர் மலையாளி இளைஞர். எம் நிலையைக் கண்டவர், ஸ்டாண்டில் இருந்த நண்பர் இருவரைத் தொலைபேசியில் அழைத்தார். அரைமணியில் அவர்கள் வந்தனர். மூவரும் கொடுத்து முடித்து, வெளியே தேநீர் அருந்தியபடி நின்றனர். கணவர் அவர்தம் கைகளைப் பற்றிக்கொண்டு விம்மினார். ஓட்டுநர் எம்மைப் பார்த்து, "பேடிக்கண்டா சேட்டா, அடுத்த தவண நோக்காம்" என்று சிரித்தார். இகழ்ச்சி சிறிதும் இல்லாத அச்சிரிப்பு, இகழ்ந்திருந்தாலும் சுட்டிராத அளவிற்கு எம்மைச் சுட்டது.

தாயும் சேயும் பிழைத்தனர். அச்சிறுமி இந்த ஆண்டு விழாவில் பாட இருக்கின்றாள்.

பின்னர் இரத்த வங்கியில் பணிபுரியும் ஒருவரிடம் பேசியபோது மற்றொரு செய்தி விளங்கிற்று. அன்றிரவு அச்சகோதரியின் உடலில் ஏறியது அம்மூவர் குருதியும் அன்று. எடுத்த குருதியை எச்.ஐ.வி., இருவகை மஞ்சட்காமாலை, மேகநோய், மலேரியா ஆகியவற்றிற்குச் சோதித்த பின்னரே பிறர்க்குக் கொடுப்பர். அதற்குப் பொழுது செல்லும். அவரைக் காத்தது, அதற்குச் சில நாள் முன்னரே எவரோ ஒருவர், யாருக்கென்று அறியாமலே கொடுத்து வைத்த குருதி. அவர் பெயரையோ ஊரையோ நாம் அறியோம். புகைவண்டித் துறையில் விபத்து மீட்பு வண்டி என ஒன்று எந்நேரமும் ஆயத்தமாய் நிற்கும். விபத்து நேர்ந்த பின்னர் அவ்வண்டியைக் கட்டத் தொடங்குவாரில்லை. குருதியும் அத்தகையதே. உயிரைக் காப்பது, முன்னரே கொடுக்கப்பட்டுப் பெட்டகத்தில் இருக்கும் குருதியே.

முன்னின்றோர் வழி

அச்சம் பேச்சினால் தீர்வதில்லை என்பதற்குத் திருவிதாங்கூர் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1813-இல் ராணி கௌரி லட்சுமி பாய் அம்மை நோய்க்குத் தடுப்பூசி முறையைத் தம் நாட்டிற் கொணர்ந்தபோது மக்கள் அஞ்சினர். அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டு வழிகாட்டினர். மூத்தோர் முன்னின்றால் இளையோர் பின்வருவர்.

எம் அனுபவமும் இதுவே. அந்நிகழ்ச்சிக்கு மூன்று திங்கள் கழித்து யாம் தனியே சென்று கொடுத்தோம். ஊசி குத்திய வலி முள் தைத்த அளவே. பத்து நிமிடத்திற்குள் முடிந்தது. அடுத்த முறை எம் மகன் உடன் வந்தான். சென்ற ஆண்டு, அன்று வாசலில் நின்று அழுத அன்னையாரே தம் மகனை அனுப்பி வைத்தார்.

அறியத்தக்க சில செய்திகளை இங்கே தொகுத்துரைப்போம். வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டரே. நீர்ப்பகுதி ஓரிரு நாளிலும் சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் மீண்டும் ஊறிவிடும். சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாளே. நாம் கொடாது காத்தாலும் அவை நம்முள்ளேயே அழிந்து புதியன பிறக்கும். 18 முதல் 65 வயது வரை உள்ளவராய், எடை 45 கிலோவிற்குக் குறையாதவராய், ஈமோகுளோபின் 12.5 அளவேனும் உள்ளவராய், நோயற்றவராய் இருப்போர் கொடுக்கலாம். ஆடவர் மூன்று திங்களுக்கு ஒருமுறையும் மகளிர் நான்கு திங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். நம் மகளிருட் பலர் குருதிச் சோகையால் கொடுக்க இயலாதவர். அவர்களைக் கொடுப்போராக்கும் முன் நன்கு உண்ணச் செய்தல் நம் கடன். உடல்நலம் வாய்ந்த மகளிரை மட்டும் வீட்டார் தடுத்தல் வேண்டா. சிவப்பணுக்கள் 35 நாள் முதல் 42 நாள் வரையே கெடாதிருக்கும். தட்டணுக்கள் ஐந்து நாளே. ஆகவே ஆண்டுக்கொரு முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதால் மட்டும் பயன் நிறையாது. மாதந்தோறும் இருவர் மூவர் செல்லுதலே நன்று.

எனவே அன்பர்களிடம் எம் வேண்டுகோள் ஒன்றே. ஆலிவர் வைத்தது போன்ற பதிவேடு ஒன்றை இவ்வாண்டு விழாப் பந்தலின் வாயிலில் வைக்கின்றோம். பெயர், குருதி வகை, கடைசியாகக் கொடுத்த நாள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அவசரம் வந்தபின் தேடுவதற்கன்று இப்பதிவேடு. அவசரம் வருமுன் முறைவைத்துச் சென்று கொடுப்பதற்கே. சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் முதற் பக்கத்தில் எழுதுவார்களாக. எம் பெயரையும் அங்கே காண்பீர்கள். நெடுநாள் தயங்கி நின்றவன் பெயர் என்பதையும் மறவாதீர்கள்.

அன்றிரவு நம் சகோதரிக்குக் குருதி ஈந்த அப்பெயரறியாக் கொடையாளர்க்கு நேரில் நன்றி கூற வழியில்லை. பெயரறியாத மற்றொருவர்க்கு நாம் கொடுத்தலே அந்நன்றியாகும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் கொடை!